பதினோராவது பெயர்

எங்கள் மாவட்டத்து ஆட்கள் வெள்ளிக்கிழமைகளில் ஆடிய கிரிக்கெட் அணிக்கு நான்தான் பட்டியல் எழுதுவேன். நான் ஆடியதில்லை. அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தேன். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனி அலுவலகத்தில் டாக்குமென்ட் கன்ட்ரோலர் வேலை. சைட்டிலிருந்து வரும் வரைபடங்களில் கையெழுத்து இருக்கிறதா, முத்திரை சரியா, பழைய தாளைப் புதிது என்று யாராவது தள்ளிவிடப் பார்க்கிறார்களா என்று சோதிக்க வேண்டும். வருடக் கணக்கில் அதையே செய்ததில் எந்தத் தாளையும் முதல் பார்வையில் நம்பக் கூடாது என்று பழகிவிட்டது. அது தாளோடு நிற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில், குளிர் தொடங்கியதும் தமிழ்நாட்டு மாவட்டங்களின் பெயரில் அணிகள் ஆடுவது அஜ்மானைச் சுற்றி ஒரு வழக்கமாக இருந்தது. சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று எட்டு அணிகள். ஊருக்கு வெளியே ஒரு மணல்வெளி. நடுவில் சிமென்ட் தளம், அதன்மேல் பச்சைப் பாய் விரித்து ஆணி அடிப்பார்கள். மற்றதெல்லாம் மணல். காலை ஆறரைக்குத் தொடங்கி ஜும்மா தொழுகைக்கு முன் முடித்துவிட வேண்டும். இறுதி ஆட்டத்தில் எங்கள் சிவகங்கையும் புதுக்கோட்டையும். இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்பதால் கேலிக்குப் பஞ்சமில்லை.

எங்கள் அணியில் கொத்தனார், டிரைவர், ஏசி மெக்கானிக் எல்லாம் உண்டு. கேப்டன் எலக்ட்ரிகல் ஃபோர்மேன். எம்.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே “சார் சொன்னா சரியா இருக்கும்” என்று என்னிடம் தேர்வை விட்டுவிட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. அலுவலகத்தில் என்னை யாரும் அப்படி நடத்தியதில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு யோசனை கிடையாது. அஜ்மானிலிருந்து துபாய் போகும் பேருந்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்துகொண்டிருக்கும். கழித்துப் போட்ட வரைபடங்களின் பின்பக்கத்தில் பதினோரு பெயர்களை எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன். துவக்க ஆட்டக்காரராக யாரை அனுப்புவது, பாய் ஈரமாக இருந்தால் சுழல் பந்துக்காரர் தேவையா, கேப்டனுடைய மச்சினனை எங்கே ஒளித்து வைப்பது. மச்சினன் நல்ல மனிதர். பிடிக்க வேண்டிய பந்தைப் பிடிப்பார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. அவர் பெயர் வாரா வாரம் பன்னிரண்டாவதாக வந்து நிற்கும்.

எத்தனை முறை அடித்து எழுதினாலும் ஒரு பெயர் மட்டும் தானாக வந்து முதலில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் இடதுகை வேகப்பந்து வீச்சாளன். இருபத்தாறு வயது. ஷார்ஜாவில் ஒரு லேபர் கேம்ப்பில் இருந்தான். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. வற்றிய கண்மாயில் ரப்பர் பந்தில் பழகியவன். கையைச் சுழற்றி அவன் விடும் பந்து கால் விரலைத் தேடிப் போய் விழும். புதுக்கோட்டையின் துவக்க ஆட்டக்காரரான நெட்டையரை அவன் இரண்டு வருடத்தில் மூன்று முறை சாய்த்திருக்கிறான். அவரை முதல் மூன்று ஓவரில் எடுத்துவிட்டால் கோப்பை எங்களுடையது என்று பேருந்து ஜன்னலில் சாய்ந்தபடி நான் கற்பனை செய்யாத நாளில்லை.

புதன்கிழமை மாலை பயிற்சிக்கு அவன் வரவில்லை. ஓவர்டைம் என்று கேப்டனிடம் சொல்லியிருந்தான். நானும் அன்று பயிற்சிக்குப் போகவில்லை. எங்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர் துபாயின் தேராப் பகுதியில் துணிக்கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர். சட்டைகளை வாங்கிவர அங்கே போயிருந்தேன். க்ரீக்கின் கரையில் படகுத்துறையைக் கடக்கும்போது, அக்கரையிலிருந்து வந்து நின்ற அப்ரா படகிலிருந்து அவன் இறங்கினான். கூடவே புதுக்கோட்டை கேப்டன். இருவரும் படிக்கட்டில் நின்றார்கள். அந்தக் கேப்டன் ஒரு பழுப்புக் கவரை அவனிடம் நீட்டினார். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்தான். நான் ஒரு கைவண்டியின் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவர்களுக்கு முன்னால் போய் “என்னப்பா, ஓவர்டைம் முடிஞ்சதா?” என்று கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். எனக்கு ஒளிந்து பார்ப்பதுதான் தோன்றியது.

கடையில் சட்டைகளை எண்ணிக்கொண்டே விஷயத்தைப் பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னேன்.

“யாரு, அந்த ஒல்லிப் பையனா?” என்றார் கடைக்காரர். “தப்பா எடுத்துக்கிடாதீக சார். முந்தாநாளும் அந்தாளு கூடத்தான் இந்தப் பக்கம் போனாரு. நான் சொன்னதா இருக்க வேணாம்.”

“எதுக்கா இருக்கும்?”

“எனக்கெப்படித் தெரியும்? போன வருசம் தஞ்சாவூர்க்காரவுக விக்கெட் கீப்பருக்கு யாரோ புது மொபைல் வாங்கிக் குடுத்தாகன்னு பேச்சு வந்துச்சா இல்லையா? பைனல்ல அந்தாளு கைல பந்தே நிக்கல.” பிறகு சிரித்தார். “அவருக்கு எப்பவுமே நிக்காதுங்கறது வேற கதை.”

கடைசி வாக்கியத்தை நான் காதில் வாங்கவில்லை.

அறைக்கு வந்து ஸ்கோர் நோட்டைப் புரட்டினேன். அரையிறுதியில் அவன் கடைசி ஓவரில் இரண்டு வைட் வீசியிருந்தான். ஆட்டத்தன்று அதைக் களைப்பு என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த இரண்டு வைட் குறிகளும் வேறு மாதிரி தெரிந்தன. அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஒரு நோபால். அதையும் சுற்றி வளைத்தேன். ஒரு வரைபடத்தில் ஒரு தவறு கண்டால் மற்ற தாள்களிலும் அதையே தேடுவேன். தேடினால் ஏதாவது கிடைக்காமல் இருக்காது.

வியாழக்கிழமை மாலைதான் எங்கள் அணியின் மிஸ்டு கால் நேரம். ஆறிலிருந்து எட்டுக்குள் ஒவ்வொருவரும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒன்று என்றால் வருகிறேன்; அடுத்தடுத்து இரண்டு என்றால் டூட்டி, வர முடியாது. யாருக்கும் செலவில்லாத ஏற்பாடு. அன்று மற்ற பதினோரு பேரிடமிருந்தும் வந்துவிட்டது, அவனைத் தவிர. எட்டு மணிக்குச் சற்று முன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தால் புதுக்கோட்டை கேப்டனின் எண். மைதான ஏற்பாடு பேசுவதற்காக அதை நான் பதிந்து வைத்திருந்தேன்.

திருப்பி அழைத்தேன். எடுத்தது அவன்.

“சார், நான்தான். நாளைக்கு வர்றேன்னு சொல்லத்தான் அடிச்சேன்.”

“உன் போன் என்னாச்சு?”

“பேலன்ஸ் சுத்தமா இல்ல சார். மிஸ்டு கால் கூடப் போக மாட்டேங்குது.”

“இப்ப எங்க இருக்க?”

கொஞ்சம் தயங்கினான். “ரூம்லதான் சார்.”

யாருடைய ரூம் என்று நான் கேட்கவில்லை. “சரி” என்று வைத்துவிட்டேன். பொய் கையும் களவுமாகப் பிடிபட்டது என்ற திருப்தி எனக்கு இருந்தது. திருப்தி என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். எதிரணிக்கு விலை போன ஒருவன் அவர்களுடைய போனிலிருந்தே நமக்கு அழைப்பானா என்கிற கேள்வி, எம்.ஏ. படித்த எனக்கு அன்று தோன்றவில்லை.

எங்கள் கேப்டனின் அறை இரண்டு தெரு தள்ளி. போனேன். அவர் கால்காப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது, கேட்டது, நோட்டில் வட்டமிட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“இருக்காதுண்ணே,” என்றார். “அவன் அப்படிப்பட்ட பய இல்ல.”

“கவரை என் கண்ணால பாத்தேன்யா.”

“கவருக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தீகளா?”

“ரூம்ல இருக்கேன்னு ஏன் பொய் சொல்லணும்?”

ஊசியைக் கீழே வைத்தார். “அவன் இல்லாம அந்த நெட்டையன யாருண்ணே எடுக்கிறது? நாளைக்கு நம்ம நெலம என்ன ஆகுறது?”

“விலை போனவனை வச்சுக்கிட்டு தோக்கிறதுக்கு, இல்லாமலே தோக்கலாம்.”

“அவனையே கூப்பிட்டுக் கேட்டுருவோம்.”

“கேட்டா உடனே அவங்களுக்குத் தெரிஞ்சுபோகும். டாஸ் முடியிற வரைக்கும் யாருக்கும் தெரியவேணாம். உன் மச்சினனை மட்டும் தயாரா இருக்கச் சொல்லு.”

கேப்டன் என்னை வெகுநேரம் பார்த்தார். “மச்சினன உள்ள கொண்டாரத்தான் பண்ணுனேன்னு ஊரே பேசும்ணே.”

“நான் பாத்துக்கிறேன்,” என்றேன்.

அறைக்குத் திரும்பி நல்ல தாளில் பட்டியலை எழுதினேன். பத்துப் பெயர்கள் மளமளவென்று வந்தன. பதினோராவதாக மச்சினன் பெயர். கீழே பன்னிரண்டாம் ஆள் என்று இடதுகையன் பெயர். மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கண் தெரியாத பனி. தை மாதத்தில் அங்கே அப்படித்தான் இறங்கும். பாயின் ஒரு முனையில் நின்றால் மறுமுனை ஸ்டம்பு தெரியவில்லை. அம்பயர் அரை மணி பொறுப்போம் என்றார். காற்றில் அவ்வளவு ஈரம். இப்படிப்பட்ட காலையில் இடதுகையன் கையிலிருந்து போகும் பந்து எப்படி வளையும் என்று எனக்குத் தெரியும். வாரம் முழுக்க நான் விரும்பியது இந்தக் காலையைத்தான்.

பனிக்குள்ளிருந்து அவன் வந்தான். வெள்ளிக்கிழமைகளில் கேம்ப் பஸ் ஓடாது. பாதி தூரம் டாக்ஸி, மீதி நடை. காலுறையில் மணல் ஒட்டியிருந்தது. சட்டையைப் பெட்டி போட்டுத் தேய்த்திருந்தான். என்னைத் தனியே கூப்பிட்டான்.

“சார், நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். புதுக்கோட்டை கேப்டன் ரூம்லதான் இருந்தேன். ராவெல்லாம் மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.”

குனிந்து காலுறையின் மணலைத் தட்டினான்.

“அவரு வேல பாக்குற கம்பெனில கிரிக்கெட் டீம் இருக்கு சார். லீக் ஆடுறதுக்கு லெஃப்ட் ஆர்ம் பௌலர் தேடுறாகளாம். இவருதான் மேனேஜர்கிட்ட என்னப்பத்திச் சொல்லியிருக்காரு. பாஸ்போர்ட் காப்பி, போட்டோ எடுக்கவும் அவருதான் கூட வந்தாரு, பாரத்தையும் கவர்ல போட்டுக் குடுத்து எழுதவும் சொல்லிக் குடுத்தாரு. மேனேஜர் இன்னைக்கு இங்க வர்றாரு சார். ஒரு ஸ்பெல் பாத்துட்டா போதுமாம். ஸ்டோர்ல வேல. தரையில நிக்கிற வேல.”

அந்தக் கடைசி மூன்று சொற்களை அவன் சொன்ன விதம் வேறாக இருந்தது.

“எங்க கேம்ப்ல யாருக்கும் தெரியாது சார். காதுல விழுந்துச்சுன்னா விசா குடுத்த கஃபீல் வேற கம்பெனிக்குப் போக ரிலீஸ் குடுக்க மாட்டாரு, நேரா ஊருக்கு டிக்கெட்தான். அதான் ஒளிச்சேன்.” குரலைத் தாழ்த்தினான். “போன கோடையில இருந்து மேல ஏறுனா கால் நடுங்குது சார். கைய விட்டா போயிருவேன்னு தோணுது. பத்தாவது மாடி, பன்னெண்டாவது மாடி. பெல்ட்டு மாட்டியிருந்தாலும் நடுங்குது. யார்கிட்டயும் சொல்லல.”

நான் கேட்டது இது: “இதுக்குப் பதிலா அவங்க கேப்டன் உங்கிட்ட என்ன கேட்டாரு?”

அவனுக்குக் கேள்வி புரியவே சற்று நேரம் பிடித்தது. “ஒண்ணும் கேக்கல சார். எங்காளுகளத் தூக்கிக் காட்டு, அப்பத்தான் மேனேஜர் நம்புவாருன்னாரு. அவுக ஓப்பனர் இதக் கேட்டுட்டு, இந்த வேலைக்கு என் ஸ்டம்புதான் கெடச்சுச்சான்னு சண்ட போட்டாரு.” சிரித்தான்.

நான் அவனை நம்பினேன். நம்பவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. முகத்தைப் பார்த்தேன், நம்பினேன். பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது. பனி விலகவில்லை. டாஸுக்கு இருபது நிமிடமாவது இருந்தது. பேனாவும் இருந்தது.

கேப்டனைத் தேடிப் போனேன், சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் பக்கத்தில் மச்சினன் கால்காப்பு கட்டி உட்கார்ந்திருந்தார். வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். நான் வருவதைப் பார்த்து அவர்கள் பேச்சை நிறுத்திய விதத்தில், விஷயம் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “நல்ல வேளை சார் கண்ணுல பட்டுச்சு. இல்லாட்டி நம்மளக் கவுத்திருப்பான்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தப்பாகப் பார்த்துவிட்டேன், ஒளிந்து நின்று பார்த்தேன், கேட்காமல் முடிவு கட்டினேன் என்று. கேப்டன் என்னைப் பார்த்து, “என்னண்ணே, எதும் மாத்தணுமா?” என்று கேட்கவும் செய்தார்.

“இல்ல,” என்றேன்.

இருபது நிமிடம் கழித்துப் பட்டியலை அம்பயரிடம் கொடுத்தேன். அம்பயர் சத்தமாகப் படித்தார். பதினொன்று வரை படித்துவிட்டுப் பன்னிரண்டாவதைப் படித்தார். அவன் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டு நின்றவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. பிறகு பந்தைக் கொண்டுவந்து கேப்டன் கையில் கொடுத்தான்.

புதுக்கோட்டை முதலில் ஆடியது. மூன்றாவது ஓவரில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு அவர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவர் ஏதோ கேட்டார். புதுக்கோட்டை கேப்டன் தண்ணீர்ப் பெட்டியின் பக்கத்தில் நின்ற எங்கள் பையனைக் கையால் காட்டினார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஓவர் வரை இருந்தார். போய்விட்டார். ஓவர் இடைவேளையில் புதுக்கோட்டை கேப்டன் மணலைத் தாண்டி என்னிடம் வந்தார்.

“சார், அவனுக்கு உடம்புக்கு முடியலையா?”

“இல்ல. தேர்வுதான்.”

“தேர்வா,” என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். “நல்லா இருக்கு சார் உங்க தேர்வு. நாங்க கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டாக்கூட இப்படிக் கெடைக்காது.”

ஆனால் நாங்கள் ஜெயித்தோம். அவர்களுடைய நெட்டை ஆட்டக்காரர் அறுபதுக்கு மேல் அடித்தும், பின்னால் எங்கள் ஆட்கள் அதைத் துரத்திப் பிடித்துவிட்டார்கள். கடைசியில் மட்டை பிடித்து நின்றவர் மச்சினன். அவரைத் தோளில் தூக்கினார்கள். பிறகு என்னையும் தூக்கப் பார்த்தார்கள். “சார் கண்ணு கண்ணுதான்” என்றார்கள். தோற்றிருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள், நானும் உளறியிருப்பேன். வெற்றி என் வாயை நன்றாகக் கட்டிப் போட்டது.

சித்திரை வாக்கில் ஒரு மாலை அவன் என் அறைக்கு வந்தான். அவன் கம்பெனி ஆட்களைக் கத்தாருக்கு அனுப்புகிறதாம், ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை வேலை. ஆங்கிலத்தில் ஒரு படிவம். எழுதித் தர முடியுமா என்று கேட்டான். அந்த இன்னொரு கம்பெனிக்கு மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று அவனாகவே சொன்னான். எழுதத் தொடங்கினேன். நடுவில் ஒரு கட்டம். உயரத்தில் வேலை செய்ய அச்சமோ தலைசுற்றலோ உண்டா என்று கேட்டிருந்தது. அவனுக்குப் படித்துச் சொன்னேன்.

“இல்லைன்னு போடுங்க சார்.”

பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“உண்டுன்னு போட்டா ஊருக்கு அனுப்பிருவாக. தங்கச்சிக்கு இப்பத்தான் நிச்சயம் பண்ணியிருக்கு.”

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அவன் தாளை வாங்கி மடித்தான். எழுந்தவன் வாசலில் நின்றான்.

“சார், அன்னைக்கு என்னய ஏன் சார் எடுக்கல? உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேனே.”

“கேப்டன் முடிவுப்பா,” என்றேன். “மச்சினனை எறக்கணும்னு நின்னாரு. நான் சொல்லிப் பாத்தேன்.”

அவன் தலையை ஆட்டினான். “நெனச்சேன் சார். உங்கமேல எனக்கு ஒண்ணுமில்ல.” போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. நான் ஊர் திரும்பிப் பல வருடங்கள் ஆகின்றன. கேப்டனும் வந்துவிட்டார், காரைக்குடியில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார், பண்டிகைகளுக்குப் பேசுவார். சில வாரங்களுக்கு முன் பண்டிகை இல்லாத ஒரு நாளில் பேசினார்.

“அண்ணே, ஒரு கல்யாணத்துல நம்ம லெஃப்ட் ஆர்ம் பயலப் பாத்தேன். ஒரு கால இழுத்து நடக்குறான். கத்தார்ல எங்கேயோ மேலருந்து விழுந்துட்டானாம். கேட்டதும் மனசு கேக்காம கிட்டக்கப் போனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்ணே. பந்தியில பாதிச் சாப்பாடு கெடக்குது, அப்படியே விட்டுட்டுப் போறான். நான் அவனுக்கு என்னண்ணே செஞ்சேன்? அன்னைக்குக் கூட அவனுக்காகத்தானே பேசுனேன், உங்களுக்குத் தெரியுமே?”

தெரியும். அவரைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

“காலம் மாறிப்போச்சுப்பா,” என்றேன். “எனக்கு என்ன தெரியும்?”

அவர் என் உடம்பை விசாரித்தார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று சொன்னேன்.